அண்ணன் போயி ஒரு வருசம் ஆகப்போகுது, வீட்ல யாரும் அவரு பேரையே எடுக்கறதில்லீங்க

லேத்துப்பட்டறைத் தம்பி

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியல, நீளமா போச்சுன்னா பொறுத்துக்கோங்க.

கோயமுத்தூர் கணபதி பக்கம் எங்க வீடு. வீட்டுக்கு முன்னாடியே அண்ணனோட பட்டறை, ரெண்டு லேத்து, ஒரு டிரில்லிங் மெசினு, எல்லாம் ஜாப் ஆர்டர் தான், பம்பு செட்டுக்கு ஷாஃப்ட்டு புஷ்ஷு இதெல்லாம் கடஞ்சு குடுக்கறது. அண்ணனுக்கு 46 வயசு. நான் அவருக்கு ஏழு வயசு சின்னவன், மில்லுல அக்கவுண்ட்ஸ் பாக்கறேன், மெசின் வேல எனக்கு சுத்தமா வராது, சின்ன வயசுல சொல்லிக் குடுக்க பாத்தாரு, ரெண்டே நாள்ல நீ பேனாவே புடிடா சாமின்னு அனுப்பி விட்டுட்டாரு.

2024 தீபாவளி லீவு முடிஞ்சு நவம்பர் 4ந்தேதி திங்கக்கெழம பட்டறைய தொறந்தாரு, 8ந்தேதி வெள்ளிக்கெழம ராத்திரி ஆளு இல்லீங்க. அவ்ளோதான். சூரசம்ஹாரத்துக்கு மறுநாளு. அம்மா அந்த வருசமும் ஆறு நாள் சஷ்டி விரதம் இருந்து முடிச்சு அன்னிக்குத்தான் வாய்க்கு ருசியா சாப்புட்டாங்க, அதுக்கப்புறம் அவங்க மருதமலை பக்கமே திரும்பல, காலண்டர்ல இருந்த முருகர் படத்த கூட திருப்பி மாட்டிட்டாங்க.

அன்னிக்கு பொழுதோட நெஞ்சு எரியுது, எடது தோள் பாரமா இருக்குதுன்னு சொன்னாரு. மத்தியானம் ஒரு வார்ப்பட பீஸ தூக்குனேன் அதுல புடிச்சிருக்கும்னாரு. நாந்தான் வாய்வா இருக்கும்ணே, தீபாவளி பலகாரம் இன்னும் செரிக்கலன்னு சிரிச்சிட்டு கடைக்கு போயி கோலி சோடாவும் கேஸ் மாத்திரையும் வாங்கியாந்து குடுத்தேன். குடிச்சு ஏப்பம் விட்டாரு, பரவால்லடான்னாரு, படுத்தாரு. பதினொன்றரைக்கு அண்ணி கத்துனாங்க. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ளயே முடிஞ்சு போச்சு. அந்த சோடா பாட்டில நான் கடைக்கு திருப்பிக் குடுக்கவே இல்ல, பீரோவுக்கு பின்னாடி இருக்குது, யாருகிட்டயும் சொல்லல, இங்க தான் மொதல்ல சொல்றேன்.

இப்ப என்ற பிரச்சன என்னன்னா, அன்னில இருந்து வீட்ல அவரப் பத்தி பேச்சே கெடையாது. அண்ணிக்கு வெசனமாயிரும்னு நாங்க பேசறதில்ல, அம்மாவுக்கு ஆகாதுன்னு அண்ணி பேசறதில்ல, அம்மா பொதுவாவே பேசறதில்ல. அண்ணன் பையனுக்கு ஒம்பது வயசு. ஹால்ல மாட்டியிருக்கற போட்டோவ பாத்துட்டு போன வாரம் எங்கிட்ட வந்து, சித்தப்பா இது எங்கப்பா இல்லதானன்னு கேக்கறான். ஏன்னா ஸ்டூடியோக்காரங்க ஆதார் போட்டோவ பெருசு பண்ணி கோட்டு சூட்டு டை எல்லாம் போட்டு விட்டுட்டாங்க, தலைக்கும் கொஞ்சம் மை பூசிட்டாங்க. எங்கண்ணன் கல்யாணத்துக்கே கோட்டு போடல. அவரு ஆயில் கறை பனியனும் காதுல சாக்பீஸும் தான். பையன் சொன்னது சரிதான், அது எங்கண்ணன் இல்ல.

ஒரம்பரையில ஆளுக்கொண்ணு சொல்றாங்க. திதி பாத்து கும்புடோனும்ங்கறாங்க, தேதி பாத்து கும்புடோனும்ங்கறாங்க, பட்டறைய காலி பண்ணி வாடகைக்கு விடுங்கறாங்க. பட்டறைய இன்னும் நாங்க தொடல. கடைசியா அவரு கடஞ்ச ஷாஃப்ட்டு பாதி கடசலோட அப்படியே சக்குல மாட்டுன வாக்குல இருக்குது, துரு ஏறிருச்சு. ஷட்டருக்கு பக்கத்து செவுத்துல சாக்பீஸ்ல அஞ்சு நம்பரு எழுதி வெச்சிருக்காரு, ஒண்ணுக்கு கீழ ஒண்ணா 3, 5, 2, 4, 4ன்னு. ஏதோ பீஸ் கணக்கா இருக்கும், இல்லீன்னா அளவா இருக்கும். அவரு கையெழுத்துல கடைசியா இருக்கறது அது தான். போட்டோ எடுத்து பிரேம் போடலாமான்னு இருக்கேன்.

அவர எப்படி நெனப்புல வெக்கறதுன்னு தான் கேக்கறேன். செத்த நாள சாமி கும்புட்டு முடிச்சுக்கறது எனக்கு பத்தல. பையனுக்கு அவங்கப்பன் யாருன்னு தெரியோனும். இதெல்லாம் அனுபவிச்சவங்க இருந்தா சொல்லுங்க.

---

வைகைக்கரை

தம்பி, உங்க அண்ணி எடத்துல இருந்து நான் எழுதுறேன். எங்க வீட்டுக்காரர் 44 வயசுல போனாக, ஆறு வருசம் ஆச்சு. மதுரையில பாத்திரக்கடை. காலைல பல்லு விளக்கிட்டு இருந்தாக, டீய ஆத்திட்டு வந்து பாக்குறேன், வாளி பக்கத்துல சாஞ்சு கெடக்காக. ரெண்டு நிமிசம் இருக்குமா, அம்புட்டுத்தேன்.

உங்க அண்ணிக்கு வெசனமாயிரும்னு பேசாம இருக்கீக பாருங்க, அத மொதல்ல நிறுத்துங்க. நீங்க பேசலேன்னா அவங்க மறந்தா இருக்காக? நாள் பூரா அதுதான மண்டையில ஓடிக்கிட்டு இருக்கும். எனக்கெல்லாம் எது ரொம்ப வலிச்சுச்சுன்னா, எங்க கொழுந்தன் பேச்சுவாக்குல அவுக பேரச் சொல்ல வந்துட்டு என்னயப் பாத்ததும் சட்டுனு கரண்ட் மழைன்னு பேச்ச மாத்துவாரு பாருங்க, அதுதேன். என் முகத்துல அவுக சாவு எழுதி ஒட்டி இருக்க மாதிரி. கல்யாண வீட்டுல பந்தக்கால் நடும்போது நம்மள ஒதுக்கி நிறுத்துறது ஒரு பக்கம்னா, நம்ம வீட்டுக்குள்ளயே இது இன்னொரு பக்கம்.

எங்க வீட்டுல பேச்சு எப்படி வந்துச்சுன்னா, திட்டித்தேன் வந்துச்சு. ஒருநா எம் மக சட்டைய கழட்டி கதவு மேல போட்டா, நானு யோசிக்காம அப்பன் புத்தி அப்படியே இருக்குடி, அந்த மனுசனும் இப்படித்தேன் வீட்டையே கொடியாக்கி வச்சிருந்தாருன்னு வஞ்சுட்டேன். வஞ்சுட்டு பக்குனு ஆயிருச்சு. பாத்தா ரெண்டு பிள்ளைகளும் சிரிக்குதுக. அப்பறம் அப்பா வேற என்னம்மா பண்ணுவாருன்னு ஒக்காந்துட்டாக. கோவக்காரரு, கடன் கேட்டா இல்லேன்னு சொல்லத் தெரியாது, தேங்கா சில்லு திருடித் திம்பாரு, எல்லாத்தையும் சொன்னேன். நல்லவரு வல்லவருன்னே சொல்லிட்டு இருந்தா அது போஸ்டர்ல இருக்க ஆளு தம்பி, நம்ம வீட்டு ஆளு இல்ல.

போன் விசயம் ஒண்ணு சொல்லணும், நீங்க எழுதல, ஆனா இது முக்கியம். அவரு நம்பர ரீசார்ஜ் பண்ணிட்டே இருக்கீகளா? தொண்ணூறு நாள் எந்த யூசும் இல்லாம பேலன்ஸும் இல்லாம கெடந்தா நம்பர கட் பண்ணிருவாக, கொஞ்ச நாள் கழிச்சு அது வேற ஆளுக்கு போயிரும். எனக்கு அது தெரியாது. ஒரு வருசம் கழிச்சு ஏதோ ஒரு நெனப்புல அந்த நம்பருக்கு அடிச்சேன், மணி போகுது, எனக்கு கை காலெல்லாம் ஒதறுது, ஒரு பையன் எடுத்து இந்தியில பேசுறான். வச்சுட்டேன். பாவம் அவன் என்ன பண்ணுவான். வாட்ஸப்பும் 120 நாள் சும்மா கெடந்தா அக்கவுண்டே அழிஞ்சிரும். அதனால உங்க போன்ல அவரு அனுப்புன வாய்ஸ் எல்லாத்தையும் தனியா எடுத்து ரெண்டு எடத்துல போட்டு வைங்க, பெண்டிரைவ்ல ஒண்ணு, மெயில்ல ஒண்ணு. எங்கிட்ட அவுக கொரல் ஏழே ஏழு செகண்டு தேன் இருக்கு. "வர்றப்ப கடல எண்ணெய் வாங்கிட்டு வரவா"ன்னு கேப்பாக. அதக் கேட்டுட்டு இன்னைக்கும் எம் மக வேணாம்ப்பா வீட்ல இருக்குன்னு பதில் சொல்லுவா.

---

சிவசிவ

ஐயா வருத்தமான விஷயம். ஆனா பழசை ரொம்ப கிளறாதீங்க. போனவங்க போன வழிய பாக்க விடணும். வருஷத்துக்குள்ள அவங்க துணிமணி எல்லாம் குடுத்துடணும், பட்டறையையும் காலி பண்றதுதான் நல்லது, அப்படியே வெச்சிருந்தா அந்த வீட்ல நல்ல காரியம் நடக்காதுன்னு பெரியவங்க சொல்லுவாங்க.

திதி தேதி குழப்பத்துக்கு பதில்: சாஸ்திரப்படி மாசம், பட்சம், திதி மூணும் தான் கணக்கு. சூரசம்ஹாரம் சஷ்டி, அதுக்கு மறுநாள்னா ஐப்பசி வளர்பிறை சப்தமி. வருஷா வருஷம் இங்கிலீஷ் தேதி மாறும், இந்த வருஷம் அக்டோபர் கடைசியிலேயே வந்துடும். பேரூர்ல நொய்யல் படித்துறையில குடுக்கலாம், முடிஞ்சா பவானி கூடுதுறை போங்க. பையன் கையால குடுக்கணும், சின்னப் பையன்னா நீங்க தர்ப்பை வாங்கிக்கலாம். ஆடி, தை அமாவாசையும் விட்றாதீங்க.

---

வைகைக்கரை

திதி சொன்னது சரி சாமி, அதுக்கு நன்றி. பட்டறைய காலி பண்ணலேன்னா நல்ல காரியம் நடக்காதுங்குறத மட்டும் ஏத்துக்க முடியல. அந்த மெசினு தான அந்த வீட்டுக்கு இம்புட்டு நாளா கஞ்சி ஊத்துச்சு.

---

கீரிமலைக் காத்து

தம்பி, நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது டொரண்டோவில. என்ர அக்கா 49 வயசில மோசம் போனவ. மூளையில நரம்பு வெடிச்சது. காலமை வேலைக்கு வெளிக்கிட்டவ, கார் சாவிய கையில வச்சுக்கொண்டு தலையிடிக்குது எண்டு கதிரையில இருந்தவ, பிறகு எழும்பேல்ல.

எங்கட ஆக்களிட்ட ஒரு வழக்கம் இருக்கு, உங்களுக்கு அது உதவுமோ தெரியாது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு கல்வெட்டு எண்டு ஒரு சின்னப் புத்தகம் அடிச்சு வாற எல்லாருக்கும் குடுக்கிறது. கல்லில வெட்டுறதில்ல, கடதாசிதான், பேர் மட்டும் அப்பிடி. முன்னுக்கு செத்த ஆளின்ர படம், தேவாரம், பிறகு ஒருத்தர் எழுதின வெண்பா, புலம்பல், ஆர் ஆர் சொந்தம் எண்டு ஒரு வம்சக் கணக்கு. ஊரில வயசுபோன ஆக்களின்ர அலுமாரியளில இது கட்டுக்கட்டாய் இருக்கும். ஆனா உண்மையைச் சொன்னால் முக்கால்வாசி கல்வெட்டில பேரை மாத்தினால் போதும், எல்லாரும் பண்பின் சிகரம், எல்லாரும் பாசத்தின் உறைவிடம். அச்சடிக்கிறவனே கவிதையும் வச்சிருப்பான்.

அக்காவுக்கு முப்பத்தொண்டுக்கு அடிச்சதும் அப்பிடித்தான், எங்களுக்கு அப்ப மூளையே வேலை செய்யேல்ல. ஆட்டைத்திவசத்துக்கு, அதுதான் முதல் வருசத் திவசத்துக்கு, அத்தான் சொன்னார், இன்னொரு புத்தகம் அடிப்பம், ஆனா ஒரு பொய்யும் எழுதக் கூடாது எண்டு. ஆளாளுக்கு அக்காவைப் பற்றி ஒரு சம்பவம் மட்டும், நடந்த விசயம் மட்டும், பாராட்டு ஒண்டும் வேண்டாம் எண்டு எல்லாருக்கும் சொன்னம். முதல் ஒருத்தரும் தரேல்ல. பிறகு பெரியம்மா போனில சொன்னா, சின்னனில அக்கா பள்ளிக்கூடத்துக்குக் கள்ளமடிச்சுப்போட்டு பனங்காய் பொறுக்கப் போய் கால் கிழிச்சுக்கொண்டு வந்த கதை. அதைக் குடும்ப குரூப்பில போட்டன். விடிய எழும்பிப் பாக்கிறன், அறுபது மெசேஜ். லண்டன், பாரிஸ், வவுனியா எண்டு எல்லா இடத்தாலயும். அவவோட வேலை செய்த ஒரு பிலிப்பைன்ஸ் மனிசி கூட அத்தானிட்ட எழுதிக் குடுத்தா, அக்கா மத்தியானச் சாப்பாட்டில ஒவ்வொரு நாளும் மூண்டு கரண்டி சோத்தை அவவின்ர கோப்பையில போடுறது பற்றி.

கடைசிப் பக்கத்தில அக்காவின்ர கத்தரிக்காய்ப் பால்கறி செய்முறை. அதில ஒரு பிழை இருந்தது, உப்புக் கணக்கு விடுபட்டுப் போச்சு. ஒவ்வொரு வீட்டிலயும் ஒவ்வொரு உப்பில அந்தக் கறி வைக்கினம், எங்கட வீட்டில சண்டையே அதுக்குத்தான்.

உங்கட அண்ணாவுக்கு ஒரு புத்தகம் செய்யுங்கோ. இருபது பக்கம் போதும். பெடியன் வளர வளர வாசிப்பான். அவரோட தொழில் செய்த ஆக்களிட்டக் கேளுங்கோ, வீட்டு ஆக்களுக்குத் தெரியாத ஒரு மனிசன் அங்க இருப்பார்.

செவரில எழுதினதை அழிக்காதேங்கோ.

---

ஓட்டை ஸ்ப்ளெண்டர்

ப்ரோ வண்டி இருக்கா அண்ணன் பேர்ல? யாரும் சொல்லலையேன்னு சொல்றேன். ஓனர் இறந்தா 30 நாளுக்குள்ள ஆர்டிஓ-க்கு தெரியப்படுத்தணும், மூணு மாசத்துக்குள்ள ஃபார்ம் 31 போட்டு வாரிசு பேருக்கு ஆர்சி மாத்தணும், டெத் சர்டிபிகேட்டும் வாரிசு சான்றிதழும் கேப்பாங்க. லேட்டானா ஃபைன் கட்டிட்டு மாத்திக்கலாம், ஆனா மாத்தாம ஓட்டி ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ் க்ளெய்ம்ல சிக்கல். எங்க அப்பா வண்டிய மூணு வருஷம் அவர் பேர்லயே ஓட்டினேன், பேர மாத்த மனசே வரல. மாத்தினதுக்கு அப்புறமும் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது, அப்பா மாதிரி ஒரு பக்கமா சாச்சு உதைச்சா தான் வருது.

---

நைட் டூட்டி

நான் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல நர்ஸ். எல்லாரும் நெனப்பு பத்தி சொல்லிட்டாங்க, நான் அந்த சோடா பாட்டிலப் பத்தி மட்டும் பேசறேன்.

தம்பி, நைட் டூட்டில எங்க வாசலுக்கு நெஞ்ச புடிச்சிட்டு வர்றவங்கள்ல பாதிப் பேரு கேஸ் தான் சிஸ்டர், ஒரு ஊசி போட்டு விடுங்கன்னு தான் சொல்லிட்டே வருவாங்க. கூட வர்றவங்களும் அதையே சொல்லுவாங்க. ஏன்னா எரிச்சல், ஏப்பம், வாந்தி வர்ற மாதிரி இருக்கறது, தோள் பாரம் எல்லாம் ஹார்ட் அட்டாக்லயும் அப்படியே இருக்கும், சுகர் இருக்கவங்களுக்கு வலியே இல்லாம வேர்வை மட்டும் கூட வரும். பாத்து சொல்ல எங்களாலயே முடியாது, அதுக்குத்தான் வந்த பத்து நிமிஷத்துக்குள்ள ஈசிஜி எடுத்துடணும்னு வெச்சிருக்காங்க. மெஷின் போட்டு பாத்து தான் சொல்ல முடியும்ங்கற விஷயத்த சிரிச்சிட்டு நின்ன தம்பி கண்டுபிடிச்சிருக்கணும்னு எதிர்பாக்கறது என்ன நியாயம். உடனே கூட்டிட்டு போயிருந்தா பொழச்சிருப்பாரான்னு கேக்காதீங்க. பொழச்சும் இருக்கலாம், போற வழியிலயும் போயிருக்கலாம். அத யாராலயும் சொல்ல முடியாது, சொல்றவங்கள நம்பாதீங்க.

இன்னொண்ணு சொல்றேன். நான் சர்வீஸுக்கு வந்து பதினோரு வருஷம் கழிச்சு, எங்க அப்பாவுக்கு இதே மாதிரி ஒரு ராத்திரி நான் என் கையால ஓம வாட்டர் கலக்கிக் குடுத்தேன். நான். நர்ஸு. யூனிபார்ம் கூட மாத்தல. அந்த டம்ளர இன்னும் எங்க வீட்ல யாருக்கும் தண்ணி குடுக்க எடுக்க மாட்டேன். அதனால உங்க பாட்டில் பீரோவுக்கு பின்னாடியே இருக்கட்டும், ஒண்ணும் தப்பில்ல, ஆனா அத உங்க அண்ணிகிட்ட ஒருநாள் சொல்லிடுங்க. நீங்க நெனைக்கிற பதில் அவங்ககிட்ட இருந்து வராது.

இப்ப கொஞ்சம் அதிகாரமா பேசறேன், கோச்சுக்காதீங்க. உங்களுக்கு இப்ப 40 கிட்ட. அப்பாவுக்கோ கூடப்பொறந்த அண்ணன் தம்பிக்கோ 55க்குள்ள ஹார்ட் பிரச்சன வந்திருந்தா நீங்களும் ரிஸ்க்ல இருக்கீங்கன்னு அர்த்தம். நம்ம ஆளுங்களுக்கு இது சீக்கிரமே வருது, 52 நாட்டுல எடுத்த இன்டர்ஹார்ட்னு ஒரு பெரிய ஆய்வுல தெற்காசியாக்காரங்களுக்கு மொத அட்டாக் சராசரியா 53 வயசுல, மத்த நாட்டுக்காரங்களுக்கு 59 கிட்டன்னு வந்துச்சு. பிபி, சுகர், கொழுப்பு மூணும் பாத்தீங்களா? பாத்திருக்க மாட்டீங்க. இந்த வாரமே பாருங்க. அப்புறம் தமிழ்நாட்டுல 2023ல இருந்து இதயம் காப்போம்னு ஒரு திட்டம் இருக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் துணை சுகாதார நிலையத்துலயும் கூட ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், அடார்வாஸ்டாடின் மூணும் சேத்து பதினாலு மாத்திரை ரெடியா வெச்சிருப்போம், அட்டாக்குனு தெரிஞ்சா அத குடுத்துட்டு தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். நெஞ்சுல ஏதாவதுன்னா யாரும் வண்டி ஓட்டிட்டு வராதீங்க, 108க்கு அடிங்க.

அண்ணன் பையனுக்கு பயம் காட்டாதீங்க. உங்க ரிப்போர்ட்ட இங்க வந்து சொல்லுங்க, நான் கேட்டுட்டே இருப்பேன்.

---

லேத்துப்பட்டறைத் தம்பி

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கோனும். எல்லாத்தையும் ஒரு தடவைக்கு நாலு தடவ படிச்சேன்.

சிஸ்டர், டெஸ்ட் பண்ணிட்டேன். சுகர் இல்ல, பிபி பார்டர், கெட்ட கொழுப்பு 168. டாக்டரு மாத்திர எழுதிக் குடுத்து காலைல நடக்க சொல்லியிருக்காரு. பாட்டில் விசயம் அண்ணிகிட்ட சொன்னனுங்க. அவங்க கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம், நீ சோடா வாங்க போனப்ப அவரு எங்கிட்ட வேற மாதிரி இருக்குதுடின்னு சொன்னாரு, நாந்தான் படுங்க சரியாயிரும்னேன், ஒரு வருசமா உங்கிட்ட எப்படி சொல்றதுன்னு இருந்தேன்னாங்க. நாங்க ரெண்டு பேரும் ஒரே வீட்ல ஒரே விசயத்த ஆளுக்கொரு மூலையில ஒளிச்சு வெச்சுட்டு இருந்திருக்கறோம்.

திதியன்னிக்கு பேரூர் போயி குடுத்துட்டோம். மத்தியானம் வீட்ல படையல். கோட்டு சூட்டு போட்டோவ கழட்டிட்டேன். அண்ணன் கூட்டாளி ஒருத்தரு போன்ல ஒரு படம் இருந்துச்சு, லேத்து முன்னாடி நின்னு யாரையோ திட்டறாரு, வாய் தொறந்து கெடக்குது, காதுல சாக்பீஸு. அத பிரிண்ட் போட்டு வெச்சோம். ஒரம்பரையில பெருசுக ரெண்டு பேரு இதென்னடா படம்னாங்க. பையன் ஒண்ணும் சொல்லல, போயி அதுக்கு பக்கத்துல உக்காந்துட்டு தான் சாப்புட்டான்.

டொரண்டோ அண்ணன் சொன்ன மாதிரி பக்கத்து பட்டறைல எல்லாம் கேக்க ஆரம்பிச்சிருக்கேன். இதுவரைக்கும் பதினொண்ணு கெடச்சிருக்குது. மூணு பேருக்கு மெசினு வாங்க அண்ணன் ஜாமீன் கையெழுத்து போட்டிருக்காரு, வீட்ல யாருக்கும் தெரியாது, எனக்கு கணக்கு பாக்கறவன்னு பேரு. ஒருத்தரு ஷாஃப்ட்டு ஃபினிஷிங்க அண்ணன் நகத்துல தேச்சு பாத்தே சொல்லுவாருன்னு எழுதிக் குடுத்தாரு, அத படிச்சதுல இருந்து பையன் வீட்ல இருக்கற டம்ளரு, கேட்டு கம்பி, எல்லாத்தையும் நகத்துல தேச்சுட்டு திரியறான்.

செவுத்து நம்பருக்கு வர்றேன். படையல் முடிஞ்சு பட்டறை ஷட்டர தூக்குனோம், ஒரு வருசம் கழிச்சு. துருவும் கூலன்ட் நாத்தமும். பையன் அந்த 3, 5, 2, 4, 4 பாத்துட்டு இது என்ன சித்தப்பான்னான். அது உங்கப்பா கடைசியா போட்ட அளவுடா, பிரேம் போட போறோம்னு கொஞ்சம் தொண்டையெல்லாம் அடைக்க சொல்லிட்டு இருந்தேன். பின்னாடியே அம்மா வந்து நிக்கறாங்க. அவங்க அந்த எடத்துக்கு வந்தே ஒரு வருசம். செவுத்த பாத்தாங்க. பாத்துட்டு, அளவாவது மண்ணாவது, அது டீ கணக்குடா, திங்கக்கெழமைல இருந்து எத்தன டீன்னு எழுதி வெச்சுட்டு சனிக்கெழம சம்பளம் போட்டதும் கடைல குடுப்பான்னாங்க. எனக்கு சிரிக்கறதா அழுவறதான்னு தெரியல. அம்மாவே மொதல்ல சிரிச்சாங்க. புதங்கெழம ரெண்டு டீ தான் குடிச்சிருக்கான், அன்னிக்கு வயிறு சரியில்லன்னு சுக்கு காப்பி போட்டுக் குடுத்தேன்னாங்க. அப்புறம் உக்காந்துட்டாங்க, ரொம்ப நேரம் பேசுனாங்க, அதெல்லாம் இங்க எழுத மாட்டனுங்க.

அந்த சனிக்கெழம வரவே இல்லீங்களே, அதனால பாக்கி நின்னு போச்சு. பதினெட்டு டீ, டீ பதினஞ்சு ரூவா, 270. நானும் பையனும் மறுநாள் டீக்கடைக்கு போனோம். கடைக்காரரு காசு வேண்டாம்னாரு, பையன் விடல, கைல திணிச்சான். அவரு வாங்கிட்டு நோட்ட தொறந்து பாத்துட்டு, உங்கப்பன் டீய மட்டுந்தான் எழுதுவான் கண்ணு, வடைய எழுத மாட்டான்னாரு. ஏழு வடை பாக்கியாம்.

பையன் இல்லவே இல்லன்னு சாதிக்கறான். இந்த வாரம் பூரா அம்மாவும் அண்ணியும் கூட அதுலதான் இருக்காங்க, அவரு எண்ணெய் பலகாரம் தொட மாட்டாருன்னு அண்ணி, தின்னுட்டு வாய தொடச்சுட்டு வந்திருப்பான்னு அம்மா.